ஆளுக்கொரு உருமால், ஆளுக்கொரு விளக்குமாறு

பூவரசங்கோட்டையை ஆண்ட சோமலிங்க பூபதிக்கு ஒரு வியாதி இருந்தது. எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும். அதனால்தான் ஒருநாள் சபையில், "அரண்மனைப் பள்ளியில் என்ன படிப்பு, என்ன விளையாட்டு என்பதை இனிமேல் பெற்றவர்களே முடிவு செய்யட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சொன்னதுதான் தாமதம், சபை சந்தைக்கடை ஆகிவிட்டது.

"என் பையனுக்கு ஜோசியம் வேண்டும்" என்றார் ஒருவர்.

"ஜோசியம் யாருக்கு வேண்டும்? வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுங்கள்" என்றார் பொக்கிஷக்காரர்.

"நீச்சல் இருக்கட்டும், ஆனால் குளத்தில் வேண்டாம். சளி பிடிக்கும். ஓலையில் எழுதி மனப்பாடம் செய்யட்டும்" என்றாள் புரோகிதரின் மனைவி.

மன்னர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாவம் பிள்ளைகள், மறுநாளிலிருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து நீச்சலை ஒப்பித்தார்கள்.

ஓட்டப் பந்தயம் மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு விதி சொன்னவர் தளவாய் மார்த்தாண்டர். படைக்குத் தலைவர், மீசைக்கும் தலைவர்.

"முதலில் வருகிற பிள்ளைக்குத் தலையில் பட்டு உருமால் கட்ட வேண்டும். கடைசியில் வருகிற பிள்ளை வருஷம் முழுக்க யானைக் கொட்டில் கூட்ட வேண்டும். அப்போதுதான் ரோஷம் வரும்!"

பெற்றவர்கள் ஆரவாரமாய்க் கை தட்டினார்கள். கொட்டில் கூட்டப் போவது அடுத்த வீட்டுப் பிள்ளைதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அன்று மாலையே ஓட்டம் பழக்கும் வஸ்தாதின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. என் பிள்ளைதான் முதலில் வர வேண்டும் என்று ஒருவர் வாழைத்தார் கொடுத்தார். இன்னொருவர் கையை ஓங்கினார். வஸ்தாது ஓடிவந்து மன்னரிடம் முறையிட்டார்.

மன்னர் வழக்கம்போல் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. "எல்லோருடைய பிள்ளையும் முதலில் வரட்டும்! இந்த வருஷம் இளவரசனும் ஓடுகிறான் அல்லவா?" என்றார்.

"முதலாவது ஒருவர்தானே வர முடியும், மகாராஜா?" என்றார் வஸ்தாது.

"முடியாவிட்டால் மைதானம் எதற்கு? அங்கே ஒரு படிப்பு மண்டபம் கட்டிவிடலாம்" என்றார் தளவாய்.

"அதுவும் சரிதான்" என்ற மன்னர், விகடகவி பிச்சாண்டியைப் பார்த்தார். "நீதான் கெட்டிக்காரன் ஆயிற்றே. பந்தயத்தை நீயே நடத்து. ஒரு பிள்ளை முதலில் வராமல் போனாலும் மைதானத்தில் மண்டபத்துக்குக் கடைக்கால் தோண்டிவிடுவார்கள்."

பிச்சாண்டி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அவர் மகள் பொன்னுருவிக்குப் படிப்பு ஏறாது. வகுப்பிலிருந்து தொங்கிய முகத்தோடு வருவாள். மைதானத்திலிருந்து வரும்போது மட்டும் வாய் ஓயாது. அந்த இடமும் போய்விட்டால் பிள்ளை என்ன ஆகும்?

"ஊருக்கெல்லாம் யோசனை சொல்ற மூளை, பெத்த பிள்ளைக்கு உதவாதா?" என்று மனைவி குழந்தையம்மாள் வேறு சோற்றைப் போட்டுக்கொண்டே குத்தினாள்.

பந்தய நாள் வந்தது. பிச்சாண்டி பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனித்தனியே ஓடவிட்டார்.

தளவாயின் மகன் முதலில் புறப்பட்டான். பாதி வழியில் உட்கார்ந்து காலில் குத்திய நெருஞ்சியைப் பிடுங்கினான். மடியிலிருந்த முறுக்கைத் தின்றான். பிறகு ஆடி அசைந்து வந்து சேர்ந்தான்.

"இந்தப் பந்தயத்தில் தளவாய் மகன் முதலாவது!" என்று கத்தினார் பிச்சாண்டி. தலையில் பட்டு உருமால் ஏறியது. தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டார். இளவரசன் ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தான். அவனும் முதலாவது.

பொன்னுருவியின் முறை வந்தது. சிட்டாகப் பாய்ந்தவள் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நான் யாரை முந்தணும்?"

பிச்சாண்டி கையை நீட்டினார். "சும்மா ஓடி வா, தாயி" என்றார். வந்தவளுக்கு உருமால் கட்டினார். அவள் அதை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

மற்றப் பெற்றவர்களுக்கு ஒரே குதூகலம். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் முதலாவது! மன்னர் எழுந்து பாராட்டப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கள், மகாராஜா. விதியில் பாதிதான் முடிந்திருக்கிறது" என்றார் பிச்சாண்டி. சேவகர்கள் கட்டுக் கட்டாக விளக்குமாறுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிச்சாண்டி ஒன்றை உருவித் தளவாய் மகன் கையில் கொடுத்தார்.

"என்ன திமிர் உனக்கு! என் மகன் முதலாவது வந்தவன்!"

"மறுக்கவில்லையே, தளவாய் ஐயா. அவனுக்குப் பின்னால் யாராவது வந்தார்களா?"

"எப்படி வருவார்கள்? ஓடினதே அவன் ஒருவன்தானே!"

"தனக்குப் பின்னால் ஒருவரும் வராதவன்தானே கடைசி? கொட்டில் காத்திருக்கிறது, தம்பி."

தளவாயின் மீசை தொங்கிவிட்டது. அடுத்த விளக்குமாறு இளவரசனுக்கு. பெற்றவர்கள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள்.

"யார் போட்ட விதி இது?"

"நீங்கள்தான் போட்டீர்கள். கைகூடத் தட்டினீர்களே!"

இளவரசன் விளக்குமாற்றையும் உருமாலையும் அப்பாவின் காலடியில் போட்டான். "எனக்கு இது ரெண்டும் வேணாம். பொன்னுருவியோட சேர்ந்து ஓடணும். தோத்தாலும் பரவாயில்லை."

மன்னர் மகனைப் பார்த்தார், காலடியில் கிடந்த விளக்குமாற்றைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பெற்றவர்கள் இஷ்டம் என்ற விதியும், தளவாயின் பந்தய விதியும் அங்கேயே ரத்தாயின. மைதானம் வஸ்தாதிடமும், படிப்பு ஆசிரியர்களிடமும் திரும்பிப் போயின. நீச்சல் குளத்துக்கே போனது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், பிச்சாண்டி?"

"இத்தனை விளக்குமாறு வீணாகக் கிடக்கிறது, மகாராஜா. வருஷா வருஷம் பிள்ளைகள் இங்கே ஓடி முடிக்கும்வரை, பெற்றவர்கள் எல்லோரும் அங்கே கொட்டில் கூட்ட வேண்டும். பள்ளிக்கு நாம் செய்கிற உபகாரம் அதுவாக இருக்கட்டும்."

"நாம் என்றால்... நீயுமா?"

"நானும் பெற்றவன்தானே!"

மன்னரின் சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்படியானால் நான்?"

பிச்சாண்டி இருப்பதிலேயே நீளமான விளக்குமாறாகப் பார்த்து எடுத்து, இரண்டு கையாலும் பணிவோடு நீட்டினார்.

"தங்கள் தகுதியை மறப்பேனா, மகாராஜா? தங்களுக்குப் பட்டத்து யானையின் கொட்டில்!"