ஐந்தாம் மேட்டு முரசு பேசவில்லை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, குன்றும் ஆறுமாய்க் கிடந்த செம்பாறை நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் புத்தி காற்றாடி. காலையில் போட்ட கட்டளையைச் சாப்பாட்டுக்குப் பின் அவரே திட்டுவார்.

அந்த ஆறு பொல்லாதது. ஊரில் வெயில் கொளுத்தும்போதே மேற்கு மலையில் மழை கொட்டும், சொல்லாமல் வெள்ளம் இறங்கும். அதற்காக மேற்குக் கரையோரம் ஏழு மேடுகள், மேட்டுக்கு ஒரு முரசு. ஒன்றாம் மேடு அரண்மனை அருகில், ஏழாம் மேடு மலை வாயில். வெள்ளம் கண்டால் ஏழாமவன் அடிப்பான், அதைக் கேட்டு ஆறாமவன் அடிப்பான், அப்படியே சேதி ஊருக்கு வரும். "வெள்ளத்துக்கு மட்டும் அடி. சும்மா அடித்தால் கை போகும்" என்பது ராஜா கட்டளை.

பட்டம் கட்டி மூன்று வருஷம். வெள்ளமும் வரவில்லை, முரசுச் சத்தமும் இல்லை. ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது: தன் பிறந்தநாளன்று ஊர் மொத்தத்துக்கும் ஆற்று மணலில் விருந்து.

மாட்டுத் தரகன் சடையாண்டி அவைக்கு வந்து நின்றான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவன், கரை நெடுக நடக்கிறவன்.

"மகாராஜா, ஜனங்களை மணலில் இறக்காதீங்க. ஐந்தாம் மேட்டு முரசு செத்துப்போச்சு."

முரசுக் காவல் தளவாய் நஞ்சப்பன் கையில் இருந்தது. மாடு விற்கிறவனுக்கு ராஜா காது கொடுப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. "டேய் தரகா, ஏழு மேட்டிலிருந்தும் மூன்று வருஷமாக ஒரு குறை வரவில்லை. செத்திருந்தால் சேதி வந்திருக்காதா?"

"தளவாய் ஐயா, செத்தவன் என்றைக்கு வந்து 'நான் செத்துட்டேன்'னு சொன்னான்?"

அவை சிரித்தது. தளவாய்க்கு முகம் கறுத்தது. "பொய்யானால் இவன் தலை எனக்கு வேண்டும், அரசே."

"நடந்து போய்ப் பார்த்து வர இரண்டு நாள் ஆகும்" என்றார் ராஜா. "இங்கிருந்தே காட்டு பார்ப்போம். காட்டாவிட்டால் தலை அவருக்கு."

வேறொருவனாக இருந்தால் வேட்டி நனைந்திருக்கும். சடையாண்டி யோசித்தான். "பட்டம் கட்டின அன்றைக்கு அரண்மனை முரசு அடிச்சதும், ஒவ்வொரு மேடும் தன் எண்ணைத் தட்டி உங்களை வாழ்த்துச்சே. அடுத்த கீழ்மேட்டுக்காரன் அதைக் கேட்டுத் திருப்பித் தட்ட, ஏழும் இங்கே வந்து சேர்ந்துச்சு. அதே அடியை இப்போ அடிக்கச் சொல்லுங்க."

அடித்தார்கள். அவை காதைத் தீட்டிக்கொண்டது. குன்றுகளுக்கு நடுவிலிருந்து ஓர் அடி வந்தது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. வெகு தூரத்துச் சேதி கை மாறிக் கை மாறி நான்காக வந்து இறங்கியது.

அப்புறம் ஒன்றுமில்லை.

"சாப்பிடப் போயிருப்பான்" என்றான் தளவாய். காத்திருந்தார்கள். வெயில்தான் நகர்ந்தது.

"தோல் கிழிஞ்சு வருஷம் ஒன்றாச்சு, காவல்காரன் ஊருக்குப் போயிட்டான்" என்றான் சடையாண்டி. "ஆறும் ஏழும் உயிரோடதான் இருக்கு. ஆனா நடுவில் ஒன்று செத்தா மேலே உள்ளதெல்லாம் நமக்குச் செத்ததுதான்."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். "விருந்து நடக்க வேண்டும். என்ன வழி?"

"முரசுக்குப் புதுத்தோல் போடுங்க. நாழிகைக்கு ஒரு தரம் ஏழு மேடும் 'இருக்கேன்'னு எண்ணைத் தட்டட்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் எதிரே, கிழக்குக் கரையில் நம்ம மாட்டுப்பட்டிகள் இருக்கு, எல்லாம் உயரமான பாறை. எந்த மேடு வாய் மூடினாலும் எதிர்ப்பட்டிக்காரன் கொம்பை எடுத்து ஊதி அவன் வேலையைப் பார்க்கட்டும்."

அப்படியே ஏற்பாடானது. பிறந்தநாளும் வந்தது. மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. வானத்தில் கைக்குட்டையளவு மேகமில்லை. நாழிகை தவறாமல் ஒன்றிலிருந்து ஏழுவரை வந்துகொண்டிருந்தது. உச்சிவேளையில் ஆறாம் எண்ணோடு நின்றது, ஏழு வரவில்லை.

சடையாண்டி எழுந்துவிட்டான். "மகாராஜா, கரையேறச் சொல்லுங்க."

"வெள்ள அடி எங்கேயடா அடித்தது?" தளவாய் சீறினான். "ஒருவன் கண்ணயர்ந்ததற்கு ஊர்ப் பந்தியைக் கலைப்பாயா?"

"அடிக்கலை. அதுதான் சேதி."

ராஜா இலையைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார். பரிமாறிய சோற்றை விட்டு அவரே முதலில் எழுந்தார். "எல்லாரும் மேலே" என்றார்.

பாதி ஜனம் ஏறியபோது கிழக்குக் கரையிலிருந்து ஒரு கொம்பு நீளமாக ஒலித்தது. அதை அடுத்த பட்டி எடுத்தது, அதற்கடுத்தது எடுத்தது, மற்ற மேட்டு முரசுகளும் சேர்ந்துகொண்டன. பேசாத மேட்டுக்காக எதிர்க்கரை பேசியது. மலையே வாய் திறந்து ஊரைக் கூப்பிடுவது போலிருந்தது. கிழவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கடைசி ஆள் கரை தொட்ட கொஞ்ச நேரத்தில் ஆறு வந்தது. பனைமரங்களை வேரோடு சுமந்துகொண்டு, மண் நிறத்தில், சுவர் போல வந்தது. அண்டாவும் பந்தலும் போன இடம் தெரியவில்லை. ஆயிரம் பேர் கரையில் நின்று பார்த்தார்கள். பிறகு தெரிந்தது: மலைவாயில் கரை சரிந்து ஏழாம் மேடே அடித்துப் போயிருந்தது. காவல்காரன் மரக்கிளையில் தொங்கிப் பிழைத்தான். அவன் எதைக் கொண்டு அடிப்பான்?

தளவாய் தலை குனிந்து நின்றான். "உம் தலை எனக்கு வேண்டாம்" என்றார் ராஜா. "ஐந்தாம் மேட்டில் உட்கார்ந்து நாழிகைக்கு ஒரு தரம் இருக்கேன் என்று சொல்லும். ஒரு வருஷம்."

பிறகு தரகனிடம் திரும்பினார். "அரண்மனை முரசையும் இந்த வரிசையில் சேர். தினம் காலையில் நானே தட்டுகிறேன். ராஜா விழித்திருக்கிறானா என்று நாடு தெரிந்துகொள்ளட்டும்."

சடையாண்டி தலையைச் சொறிந்தான். "சேர்க்கலாம் மகாராஜா. உங்க அடி ஒருநாள் கேக்கலைன்னா, எதிர்க்கரையில் யாரு?"

ராஜா வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதற்குத்தான் உன்னை மந்திரியாக்குகிறேன்" என்றார்.