உடும்பைப் பார்த்துக் கத்திய கௌதாரி

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஓடைகள் எல்லாம் வற்றிப்போகும். பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். முயலும் அங்கேதான் வர வேண்டும், மானும் அங்கேதான் வர வேண்டும். அவற்றைத் தின்னும் சிறுத்தையும் அங்கேதான் வரும்.

அதனால் அந்தக் காட்டு விலங்குகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தன. அதற்குக் காவல் குரல் என்று பெயர். ஆபத்தை யார் கண்டாலும் கத்தலாம். கத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதைக் கேட்டு யார் வேண்டுமானாலும் ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம்.

சிறுத்தைக்கு ஒரு குரல், செந்நாய்க்கு ஒரு குரல், மலைப்பாம்புக்கு ஒரு குரல் என்று ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சேர்த்து அதை வளர்த்திருந்தார்கள். கழுகுக்கான குரலைக் கண்டுபிடித்தவை முயல்கள். ஆனால் முயல் கத்தினால் பக்கத்து முயலுக்கே கேட்காது இல்லையா? மயில் வந்து அந்தக் குரலைக் கொஞ்சம் மாற்றி, காடு முழுக்கக் கேட்கும்படி செய்தது. முயல்களுக்கும் அதில் சந்தோஷம்தான்.

இந்தக் காவலில் பெரிய கெட்டிக்காரன் கருமுகன் என்ற குரங்கு. மடுவை ஒட்டி நின்ற மருத மரத்தின் உச்சிக் கிளைதான் அவனுடைய இடம். எதிர் மலைச்சரிவில் புல் அசைந்தால், அது காற்றா காட்டுப்பன்றியா என்று அங்கிருந்தே சொல்லிவிடுவான். அவன் கண்ணால் உயிர் பிழைத்தவர்கள் அந்தக் காட்டில் பாதிப் பேர்.

ஆனால் அவன் வாய் இருக்கிறதே, அப்பப்பா!

ஒரு மான்குட்டி குரலைக் கொஞ்சம் இழுத்துக் கத்திவிட்டால் போதும். "என்ன, வயித்து வலியா?" என்று மேலிருந்து கேட்பான். ஒரு முயல் காய்ந்த இலையைப் பார்த்துப் பயந்து கத்திவிட்டால், "இலை கடிச்சிடுச்சா கண்ணு? அம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்பான். மடுவைச் சுற்றி நிற்கிற எல்லாரும் சிரிப்பார்கள். அந்த முயல் அதற்குப் பிறகு வாயே திறக்காது.

"ஏன்ப்பா இப்படிப் பேசறே?" என்று யாராவது கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருக்கும். "நான் உள்ளதைத்தானே சொன்னேன்? இதுக்கெல்லாம் முகம் சுண்டிப்போறவங்களுக்குக் காவல் எதுக்கு?"

அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் உச்சிக் கிளையில் யார் உட்காருவது என்று பயம்.

அந்தக் கோடையில்தான் தவிட்டி அங்கே வந்து சேர்ந்தாள்.

தவிட்டி ஒரு கௌதாரி. தவிட்டு நிறம், குட்டைக் கால், எதற்கும் பதறுகிற மனசு. அவள் குடியிருந்த புல்வெளி காட்டுத்தீயில் எரிந்து போயிருந்தது. அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளை, பறக்கத் தெரியாததால் நடத்தியே கூட்டிக்கொண்டு, மலையைத் தாண்டி வந்திருந்தாள். வழியெல்லாம் குஞ்சுகள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே வந்தன, பாவம்.

மடுவைக் கண்டதும் எல்லாரும் குனிந்து குடித்தார்கள். அப்போது மேலிருந்து ஒரு குரல் வந்தது. மான்கள் பாய்ந்தன. முயல்கள் வளைக்குள் ஒளிந்தன. தவிட்டியும் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு, மருத மரத்தடியில் உண்ணிச்செடி அடர்ந்து வளர்ந்திருந்த உண்ணிப்புதருக்குள் பதுங்கினாள். சற்று நேரத்தில் செந்நாய்க் கூட்டம் ஒன்று மடுவை முகர்ந்துவிட்டு வெறும் வயிற்றோடு போனது.

தவிட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம முகம்கூடத் தெரியாத யாரோ ஒருத்தர் நம்ம குஞ்சுகளுக்கும் சேர்த்துக் கத்தியிருக்காங்களே!" என்று நினைத்தாள். நாமும் இந்தக் காவலில் சேர்ந்து நாலு பேருக்கு உதவ வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு குரலாகக் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டாள். புதருக்குள் உட்கார்ந்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள். குஞ்சுகளும் கூடவே சொல்லிப் பார்த்தன. மலைப்பாம்புக்கான குரலைச் சொல்லிவிட்டு அவையே பயந்து அம்மாவின் சிறகுக்குள் ஓடின.

ஒரு மத்தியானம், உண்ணிப்புதருக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ ஊர்ந்து வருவதைத் தவிட்டி பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கற்றுக்கொண்டபடியே சிறுத்தைக் குரலைக் கொடுத்தாள்.

மடுவே கலைந்து ஓடியது. பாதித் தாகத்தில் மான்கள் பாறை ஏறின. மயில் மரத்துக்குப் பறந்தது. புதர் விலகியது. அதற்குள்ளிருந்து நாக்கை நீட்டிக்கொண்டு ஓர் உடும்பு வெளியே வந்தது.

கருமுகன் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏம்மா தவிட்டி, உன் புல்வெளி எரிஞ்சப்போ கண்ணையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எரிந்துபோன வீட்டைச் சொல்லிச் சிரிக்கலாமா என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அம்மா, ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

"ஒண்ணுமில்லைடா. நீ தண்ணி குடி," என்றாள் தவிட்டி. அன்றைக்கு அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கத்தவே இல்லை. புதருக்குள் பாம்பைப் பார்த்தால் குஞ்சுகளை மட்டும் சத்தமில்லாமல் அப்பால் கூட்டிப் போய்விடுவாள். அவள் மட்டுமா? முயல்களும் அப்படித்தான். மான்குட்டிகளும் அப்படித்தான். தரையில் நடமாடுகிறவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். உச்சிக் கிளையின் குரல் மட்டும் மிஞ்சியது.

"இப்பத்தான் காவல் ஒழுங்கா நடக்குது. வீண் சத்தமே இல்லை," என்று கருமுகன் திருப்தியோடு வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான்.

அதே திருப்தி இன்னொருவருக்கும் இருந்தது. அது சிறுத்தை. முன்பெல்லாம் அது ஓர் அடி எடுத்து வைத்தால் நாலு பக்கமும் கத்துவார்கள். இப்போது புல்லுக்குள் நடந்தாலும் சத்தம் இல்லை, புதருக்குள் நடந்தாலும் சத்தம் இல்லை. உச்சிக் கிளையிலிருந்து பார்த்தால் எதிர் மலை தெரியும், காலடியில் இருக்கும் உண்ணிப்புதருக்குள் தெரியாது. புதருக்குள் இருப்பவர்களோ பேசுவதில்லை.

"பலே!" என்று சொல்லிக்கொண்டு சிறுத்தை புதர் வழியாகவே மடுவுக்கு வந்தது.

அப்போது கருமுகனின் மனைவி தன் குட்டியோடு தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தாள். குட்டியின் பெயர் பொடியன். அம்மா குனிந்த நேரம் பார்த்து அவன் நழுவி, தண்ணீரில் தெரிந்த தன் முகத்துக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டே உண்ணிப்புதர் ஓரம்வரை வந்துவிட்டான்.

புதருக்குள் இருந்த தவிட்டி பார்த்தாள். அவளுக்கும் பொடியனுக்கும் நடுவே, மஞ்சளும் கறுப்புமாக ஏதோ பதுங்கியிருந்தது.

குரல் தொண்டைவரை வந்தது. உடனே அந்தப் பழைய சிரிப்பும் காதில் வந்தது. மறுபடியும் உடும்பாக இருந்தால்? மறுபடியும் குஞ்சுகள் முன்னால் அவமானப்பட வேண்டுமா? அவள் இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். வாலின் நுனி மெல்லத் துடித்தது.

அது உடும்பு இல்லை.

தெரிந்த பிறகும் அவளுக்குக் குரல் வரவில்லை. இத்தனை நாளாக அடக்கி அடக்கி வைத்த குரல், வா என்றவுடன் வந்துவிடுமா? வேறு வழி தெரியாமல் தவிட்டி சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு நேராகச் சிறுத்தையின் முகத்திலேயே எழும்பினாள்.

பாயப் போன சிறுத்தை கண்ணை மூடியது. பாய்ச்சல் பிசகியது. பொடியன் வீறிட்டுத் துள்ளினான். சிறுத்தையின் நகத்தில் அவன் வால் நுனி மட்டும் சிக்கி அறுந்தது. அதற்குள் அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டு மரம் ஏறிவிட்டாள்.

இரை தப்பிய சிறுத்தை அவசரப்படவே இல்லை. மருத மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"போயிட்டு வரேன் கருமுகா. நீ மட்டும் இல்லைன்னா நான் இவ்வளவு கிட்ட வந்திருக்கவே முடியாது. ரொம்ப உபகாரம்," என்று சொல்லிவிட்டுப் போனது.

என்ன சொல்கிறது இது என்று கருமுகனுக்குப் புரியவில்லை. அழுகிற பொடியனைத் தடவிக் கொடுத்துவிட்டு, தரைக்கு இறங்கி வந்தான். தவிட்டி குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னாடியே பார்த்துட்டே இல்ல? பார்த்தும் ஏன் கத்தலை?" என்று அவன் கேட்டான்.

"அண்ணே..." என்றாள் தவிட்டி. "உடும்பா இருந்துட்டா நீங்க சிரிப்பீங்களேன்னு..."

கருமுகன் அவளுடைய குஞ்சுகளைப் பார்த்தான்.

"நானும் பார்த்தேன்," என்று வளைக்குள்ளிருந்து ஒரு முயல் மெதுவாகச் சொன்னது. "புல்லு அசைஞ்சுது. ஒருவேளை வெறும் காத்தா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பேசாம இருந்துட்டேன்."

"எனக்கு வாடை அடிச்சுது," என்றது ஒரு புள்ளிமான், தலையைக் குனிந்துகொண்டு.

சிறுத்தை எதற்கு உபகாரம் என்று சொன்னது என்பது கருமுகனுக்கு அப்போது புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் இனிமே காவலுக்கு வரலை," என்றான்.

"அதெல்லாம் நடக்காது," என்றது முள்ளம்பன்றி. அதற்கு உடம்பெல்லாம் முள் இருந்தாலும் பேச்சில் முள் கிடையாது. "உன் கண்ணு எங்களுக்கு வேணும்ப்பா. உன் நாக்குதான் வேண்டாம்."

அன்று சாயங்காலம் எல்லாரும் மடுவைச் சுற்றிக் கூடினார்கள்.

"எல்லாரும் மரியாதையா இருக்கணும்னு சொல்லிட்டாப் போதாதா?" என்றது மயில்.

"போதாது. எது மரியாதைன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. கருமுகனும் தான் மரியாதையாத்தான் பேசறதா நினைச்சிட்டு இருந்தான்," என்றது முள்ளம்பன்றி. கருமுகன் ஆமாம் என்று தலையாட்டினான்.

ரொம்ப நேரம் பேசினார்கள். நடுவில் இரண்டு மான்கள் சண்டைகூடப் போட்டுக்கொண்டன. கடைசியில் முடிவு இப்படி ஆயிற்று. யார் கத்தினாலும், கேட்டவர்கள் முதலில் 'கேட்டேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் அது சரியா தவறா என்று பார்க்க வேண்டும். தவறு என்றால், பார்த்தது என்ன என்று சொல்லிக் கொடுக்கலாம். கத்தியவரின் நிறம், குரல், எங்கிருந்து வந்தார் என்பதை எல்லாம் இழுக்கக் கூடாது. மீறினால் ஒரு முறை தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். திரும்பவும் மீறினால் காவலிலிருந்து ஒரு பகல் விலகி இருக்க வேண்டும்.

"உச்சிக் கிளைக்கும் இதேதானா?" என்று கேட்டது முயல். கேட்டுவிட்டுப் பயந்து பாதி வளைக்குள் போய்விட்டது.

எல்லாரும் கருமுகனைப் பார்த்தார்கள்.

"உச்சிக் கிளைக்குத்தான் முதல்ல," என்றான் கருமுகன்.

"கூடச் சேர்ந்து சிரிச்சோமே, எங்களுக்கும்தான்," என்றது புள்ளிமான்.

பேசி முடிப்பது எளிது. வெயில் ஏறி, தாகமும் எரிச்சலுமாக இருக்கும்போது அதன்படி நடக்க வேண்டுமே!

அப்படி ஒரு நாளும் வந்தது. காற்றே இல்லாத மத்தியானம். தூரத்துப் பாறைக்குப் பின்னால் சிறுத்தை படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அப்போதுதான் தண்ணீரில் வாய் வைத்திருந்தார்கள். உண்ணிப்புதருக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ நகர்ந்தது.

தவிட்டி பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு பலம் கொண்ட மட்டும் சிறுத்தைக் குரலைக் கொடுத்தாள்.

மறுபடியும் மடு கலைந்தது. மறுபடியும் புதர் விலகியது. வெளியே வந்தது அதே உடும்பு.

"நான் என்னம்மா பண்ணினேன்? தண்ணி குடிக்க வந்தேன்," என்றது அது, பாவமாக.

தவிட்டி கண்களை இறுக மூடிக்கொண்டாள். இப்போது சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள்.

மருத மரத்தில் கருமுகன் ஓர் அத்திப்பழத்தை மென்றுகொண்டிருந்தான். அவன் நாக்கின் நுனியில் பிரமாதமான கிண்டல் ஒன்று வந்து நின்றது. அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்குக்கூட ஆசைதான். ஆனால் அவன் அதைப் பழத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

"கேட்டேன்!" என்று உரக்கச் சொன்னான். "உடும்புதான் தவிட்டி. ஆனா புதருக்குள்ள அது இருந்தது எனக்குத் தெரியவே இல்லை, நீ கத்தினப்புறம்தான் பார்த்தேன். வாலைப் பாரு, சிறுத்தைக்கு நுனி துடிக்கும். அடுத்த தடவை சந்தேகமா இருந்தாலும் கத்திடு."

"கேட்டேன்!" என்றது பாறை மேலிருந்த புள்ளிமான்.

"கேட்டேன்!" என்றது மயில். "கேட்டேன்!" என்று வளைக்கு வளை முயல்கள் சொல்லின. முள்ளம்பன்றி சொன்னது. அம்மாவின் மடியிலிருந்து பொடியன் தன் குட்டை வாலை ஆட்டிக்கொண்டு சொன்னான். தவிட்டி கண்ணைத் திறந்தாள். என்ன நடக்கிறது என்றே தெரியாமல் அவளுடைய குஞ்சுகளும் சிறகுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கேட்டேன்! கேட்டேன்!" என்று கத்தின. தவிட்டிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பாறைக்குப் பின்னால் படுத்திருந்த சிறுத்தை எல்லாவற்றையும் கேட்டது.

"ஓர் உடும்புக்கே இத்தனை வாய் திறக்குதா!" என்று முணுமுணுத்தபடி எழுந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் மலையைத் தாண்டி வேறு காட்டுக்குப் போய்விட்டது.

நீதி: தவறாகச் சொன்னவரையும் மதித்துக் கேட்கும் கூட்டத்தில்தான், சரியான நேரத்தில் சொல்ல ஆள் இருக்கும்.