களைப்பை முன்கூட்டியே போக்கிய குரங்கு

கருங்கானக் காட்டு விலங்குகள் கோடை தொடங்கியதும் சைக்கிள் பந்தயம் வைக்கும். மலையை மூன்று முறை சுற்றி முதலில் வருகிறவருக்குச் சுனைக்கரை ஆலமரமும் அதன் நிழலும் மழை வரும்வரை சொந்தம்.

செம்பட்டை என்ற குரங்குக்கு அந்த நிழல் கட்டாயம் வேண்டியிருந்தது. அவன் மனைவி வெள்ளாயி, பிறந்து பத்தே நாளான குட்டியோடு முள்மரத்தில் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்துக்குச் சைக்கிள் ஓட்ட வரும் மனிதர்களைச் செம்பட்டை ஒளிந்திருந்து பார்த்தான். இரண்டே இரண்டு நாள்தான் பார்த்தான். அதற்குள் பெரிய மேதாவி ஆகிவிட்டான்! அவர்கள் ஓட்டி முடித்து வந்து, பாட்டிலில் இருந்த சாக்லேட் பாலைக் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் களைப்பு நீங்கிச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அவர்கள் அசந்த நேரம் பார்த்து நான்கு பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பந்தய நாள் காலையில் முதல் பாட்டிலைத் திறந்தான்.

"ஓட்டி முடிச்சப்புறம்தானே அவங்க குடிச்சாங்க? நீ ஏன் இப்பவே குடிக்கிறே?" என்றாள் வெள்ளாயி.

"உனக்கு என்ன தெரியும்? அவங்க களைச்சதுக்கு அப்புறம் குடிச்சு களைப்பைப் போக்குறாங்க. நான் முன்னாடியே குடிச்சுட்டா களைப்பே வராது!"

நான்கையும் மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தான். இருந்த கொஞ்ச அறிவும் பாலோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டது.

பந்தயம் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் சுனையருகே இறங்கி, உப்பு மண்ணை நக்கி, வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவது அந்தக் காட்டு வழக்கம். கருக்கன் என்ற காட்டுப்பன்றி அப்படித்தான் இறங்கியது.

"மண்ணை நக்கவா பந்தயத்துக்கு வந்தே?" என்று கத்தினான் செம்பட்டை.

"வேர்வையில போன உப்பும் தண்ணியும் திரும்ப உள்ளே போகணும்ல! நீயும் ரெண்டு மடக்கு குடிச்சுட்டுப் போ, தம்பி!"

"நானா? நான் மனுசங்க குடிக்கிறதைக் குடிச்சவன்! உன் சேத்துத் தண்ணி எனக்கு எதுக்கு?"

இரண்டாம் சுற்றில் வயிறு கடமுடா என்றது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. சுனை வந்தது. இறங்கி ஒரு வாய் குடித்தால் என்ன என்று அவனுக்கே தோன்றியது. ஆனால் சுற்றிலும் எல்லோரும் நிற்கிறார்களே! பேசிய பேச்சுக்குப் பிறகு எந்த முகத்தோடு குனிவது? விறைப்பாக நிமிர்ந்துகொண்டு சுனையைத் தாண்டிப் போனான். அசட்டு கௌரவம்!

மூன்றாம் சுற்றில் கண் இருட்டியது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து, குடித்த பாலையெல்லாம் கக்கினான். கருக்கன் மூச்சு வாங்கிக்கொண்டே, ஆனால் நிதானமாக மிதித்து அவனைக் கடந்தது. கடைசி வரை மிதித்து முதலில் வந்து சேர்ந்தது. நடுவராக இருந்த யானை ஆலமரத்தை அதற்கே கொடுத்தது.

வெள்ளாயி குட்டியை அணைத்தபடி அழுதாள்.

"அழாதேம்மா! குட்டியைத் தூக்கிக்கிட்டு நிழலுக்கு வா. எல்லாருக்கும் இடம் இருக்கு" என்றது கருக்கன்.

அவள் உடனே போனாள். செம்பட்டை மட்டும் வீம்பு பிடித்து, கொளுத்தும் வெயிலில் முள்மரத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"இன்னுமா உனக்குப் புத்தி வரல்லே?" என்று முள்மரத்தடிக்கு வந்து கேட்டாள் வெள்ளாயி.

"வந்துடுச்சு! நாலு பாட்டில் பத்தலை. அஞ்சு குடிச்சிருக்கணும்!" என்றான் அந்த மடையன்.

ஏன், எப்போது என்று அறியாமல் பிறரைக் காப்பியடிக்கும் கர்வம் பிடித்தவன், கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் தாகத்தால் விழுவான். விழுந்த பிறகும் திருந்த மாட்டான்.