ஒரு சொட்டும் சிந்தாத குடம்

சேலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பரிமளம் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தின் கடைசியில் பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் வைப்பார். பழகுகிறவர்கள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குடத்தில் இடிக்காமல் வண்டியை நிறுத்த வேண்டும்.

யுகேந்திரன் பழகிய இருபது நாளும் நிறுத்தினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அப்பாவின் காரில் தங்கையையும் மூன்று சிநேகிதர்களையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலைக்குப் போவதாகத் திட்டம். அம்மா மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

மைசூர்பாகோடு அக்காவைப் பார்க்க வந்தான்.

“லைசென்ஸ் வாங்கின பிறகும் எங்கம்மா ஏங்க்கா இப்படி நடுங்குறாங்க? நீங்களே சொல்லுங்க, எனக்கு ஓட்டத் தெரியாதா?”

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். “குடத்துல தண்ணி பிடிச்சு வைடா.”

வைத்தான். அக்கா எப்போதும்போல அவனுக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். வண்டி கிளம்பியது. இருபது, முப்பது, நாற்பது. பயல் விசில் வேறு அடித்தான்.

குடம் நெருங்கியது. வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தான்.

நிற்கவில்லை! குடம் டமாரென்று வெடித்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் அறைந்தது. வண்டி இன்னும் பத்தடி இழுத்துக்கொண்டு போய்க் குலுங்கி நின்றது.

“ஐயோ! அக்கா, பிரேக் பிடிக்கலை!”

“நல்லாத்தான் பிடிச்சுது. நீ மிதிச்சது லேட்டு.”

“இல்லக்கா! இருபது நாளும் இதே இடத்துலதானே மிதிச்சேன்? நின்னுச்சே!”

“நின்னுச்சு.”

அக்கா கண்ணால் தன் காலடியைக் காட்டினார். அவன் திரும்பிப் பார்த்தான்.

பயிற்சி வண்டியில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவனுக்கும் அது தெரியும். சும்மா ஒப்புக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தான். அதன் ரப்பர் மிதிபட்டு மிதிபட்டு வழவழவென்று தேய்ந்து கிடந்தது. அக்காவோ இன்றைக்கு சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்போ... இத்தனை நாளும்...”

அக்கா பெல்ட்டைக் கழற்றினார்.

“நாளைக்கு முன் சீட்ல யாரு?”

“தங்கச்சிதான்க்கா.”

“அவ காலடியில என்னடா இருக்கு?”