மேலே நாலு இலை

போளூர்ப் பக்கம் ஒரு சின்ன மடம். அதன் தலைவி அருளம்மைக்கு நாற்பது வயது. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு, தபால் ஆபீசில் ஓய்வு பெற்று வந்தவர். மடத்து நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

அந்த மண்ணில் ரசாயன மருந்து படக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மூன்று வருடமாகக் காப்பாற்றி வந்தார். கேட்டவர்களிடம் அதைச் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இரண்டு ஏக்கரைப் பச்சையம்மா குத்தகைக்கு எடுத்து நிலக்கடலை போட்டிருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். மூவருக்கும் வருஷச் சோறு அந்தக் கடலையில்தான். ஏகாம்பரம் சொன்னபடி, வேரழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடியை விதையோடு கலந்து விதைத்தாள். ஒரு செடிகூட அழுகவில்லை. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

நாற்பதாம் நாள் அடி இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. பச்சையம்மா ஓடி வந்தாள். வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கச் சொன்னார். அடித்தாள். பிறகு நாலு நாள் விடாத தூறல், புள்ளி மேலே ஏறியது. மறுபடி வந்தாள். மறுபடியும் அதையே சொன்னார்.

மூன்றாவது முறை ஒரு சீட்டோடு வந்தாள். வேளாண்மை அலுவலர் பூஞ்சாணத்தைக் கொல்லும் ரசாயன மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். இந்த வாரம் தாண்டினால் இலை கொட்டிவிடும், காய் முற்றாது என்றாராம். ஏகாம்பரம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். மருந்தடித்தால் அடுத்த வருடம் குத்தகை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அவர் வயலுக்குப் போனபோது வரப்பில் அருளம்மை நின்றிருந்தார். வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தார். பச்சையம்மா குடத்துத் தண்ணீரில் மருந்தை அளந்து கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

"அம்மா, நீங்களே இதைச் செய்யலாமா?"

அருளம்மை ஒரு செடியைக் காட்டினார்.

"புள்ளி விழாத இலை எத்தனை இருக்கு, எண்ணுங்க."

அவர் குனிந்து எண்ணினார். "மேல நாலு."

"வேருக்குப் பொடி போட்டீங்க. அது காப்பாத்திடுச்சி. மொதப் புள்ளிக்கு வேப்பங்கொட்டை சொன்னீங்க. அதுவும் சரிதான். இப்போ இது அதையெல்லாம் தாண்டிடுச்சி. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா வேணாம்னீங்க?"

ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னார்.

"இந்த மண்ணுக்கு விஷம் குடுக்கறதில்லைன்னு விரதம் எடுத்திருக்கேம்மா."

அருளம்மை மருந்துத் தண்ணீரை ஸ்பிரேயரில் ஊற்றி மூடினார். அதைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டார்.

"விரதம் உங்களுது ஐயா. பட்டினி கெடக்கப்போறது இவ."