உச்சிமாகாளிக்கு இருந்த வேலை

தேரிக்குளத்தில் புத்திசாலிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், அவர்கள் உண்டு அவர்கள் பிழைப்பு உண்டு, அவர்கள் கதை நமக்கு எதற்கு? நான் சொல்ல வந்தது உச்சிமாகாளி, கொம்பையா, வெயிலுமுத்து என்ற மூன்று பேரைப் பற்றி. மூன்று பேருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது. மூளை மட்டும் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரியே புத்தம் புதுசாக இருந்தது.

மூவரும் ஊர் சோடா கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "வியாபாரம் இல்லப்பா. நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்" என்றார். இவர்கள் அன்றைக்கு வீட்டுக்கே போகவில்லை. வீட்டுக்குப் போனால்தானே திரும்பி வர வேண்டியிருக்கும் என்று கம்பெனிக்குள்ளேயே நான்கு நாள் இருந்தார்கள். ஐந்தாம் நாள் ஆளை வைத்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிய பிறகுதான் வேலை போன விஷயம் புரிந்தது.

அப்புறம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தார்கள். வேலை இல்லாதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உதவித்தொகை வரும். பெரிய தொகை ஒன்றும் இல்லை, ஆனால் உச்சிமாகாளி வீட்டில் அரிசி வாங்குவது அதில்தான். இந்தத் தடவை மற்ற இருவருக்கும் வந்தது, அவனுக்கு வரவில்லை. மூவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

மூன்றாம் நம்பர் ஜன்னலில் குணசீலன் என்ற எழுத்தர் இருந்தார். எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேசும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. கம்ப்யூட்டரைப் பார்த்தே சொன்னார். "உமக்கு 'பணியில் உள்ளார்'னு காட்டுது. பணியில உள்ளவனுக்கு உதவித்தொகை கிடையாது. அடுத்த ஆளு."

வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று பேசினார்கள். மூவரில் யோசிக்கிறவன் கொம்பையா. அதனால்தான் இவ்வளவு வினையும்.

"ஏல உச்சி, நீ வேலை பாக்கியா?" என்றான் கொம்பையா.

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கவர்மெண்டு கம்ப்யூட்டரு சும்மா சொல்லுமா?"

உச்சிமாகாளி நன்றாக யோசித்தான். "போன வாரம் குடையை பஸ்ஸுல வச்சு மறந்துட்டேன்."

"பாத்தியா. குடையை மறந்தவன் வேலையை மறக்க மாட்டானா?"

"அப்ப எனக்கு வேலை இருக்கு. எங்க இருக்குன்னுதான் தெரியலை," என்றான் உச்சிமாகாளி. அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. வெயிலுமுத்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல வேலையாக இருக்கட்டும் என்று வாழ்த்தினான்.

வீட்டில் அந்தச் சந்தோஷம் செல்லுபடியாகவில்லை. அவன் மனைவி பிரம்மசக்தி விவரமானவள்தான், ஆனால் அரசாங்கம் சொன்னால் அப்படியே நம்பிவிடுவாள்.

"வேலை இருக்கா? அப்ப சம்பளம் எங்க? மூணு மாசமா எவ வீட்டுல கொண்டு போயிக் கொடுக்கிய?"

"எனக்கே தெரியலைட்டி."

"சரி. ஒண்ணு, சம்பளத்தைக் கொண்டு வாங்க. இல்ல, வேலை இல்லைன்னு சீல் போட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. ரெண்டுல ஒண்ணு வாற வரைக்கும் உங்களுக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது."

சொன்னபடியே தனக்கு மட்டும் உலை வைத்தாள். கருவாட்டுக் குழம்பு வேறு. உச்சிமாகாளி வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான். முட்டாளாக இருந்தாலும் வயிறு வயிறுதானே, எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் கூட்டாளிகளோடு போய்க் குணசீலனிடம் கெஞ்சினான். குணசீலன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஃபைல் நகரணும்னா அதுக்கு மேல கொஞ்சம் வெயிட்டு வைக்கணும்யா. புரியுதா?"

"நல்லாப் புரியுது சார்."

"எவ்வளவு வெயிட்டுன்னு கேக்கலையே," என்றான் வெயிலுமுத்து, வெளியே வந்ததும்.

"கூடுதலா வச்சா கோவிச்சுக்கவா போறாரு?" என்றான் கொம்பையா.

பிரம்மசக்தி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய அம்மிக்கல்லைச் சாக்கில் கட்டினார்கள். பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கினார்கள். மூன்று பேரும் தூக்கிக்கொண்டு வந்து, குணசீலன் மேஜையில் இருந்த உச்சிமாகாளியின் ஃபைல் மேல் வைத்தார்கள். மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"என்னய்யா இது?"

"நீங்க கேட்ட வெயிட்டு சார். வீட்டுல இதுக்கு மேல வெயிட்டு இல்ல."

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரிய அதிகாரி கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். குணசீலனுக்கு வேர்த்துக் கொட்டியது. தான் கேட்டது என்ன வெயிட்டு என்று விளக்கவும் முடியாது, கேட்கவே இல்லை என்றால் கல் எப்படி வந்தது என்று சொல்லவும் முடியாது. வாயில் வந்ததைச் சொன்னார். "போயி, வேலை பாக்கிற இடத்துல ரிலீவிங் லெட்டர் வாங்கிட்டு வாரும். வேலையை விட்டாச்சுன்னு அவங்க எழுதித் தந்தாத்தான் நான் சரி பண்ண முடியும்."

கிளம்பும்போது வெயிலுமுத்து ஃபைலை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. "இன்னும் வெயிட்டு பத்தலை போலுக்கு," என்றான்.

இப்போது உச்சிமாகாளிக்கு இருக்கிற வேலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால்தானே விட முடியும். மூவரும் கடைத்தெருவில் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அரிசி ஆலையில் கொம்பையா கேட்டான். "அண்ணாச்சி, இவன் இங்க வேலை பாக்கானா?"

"இல்லையே."

"லீவுல இருக்கானோ என்னமோ. ரிஜிஸ்டரை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

அங்கே திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். சலூனில் உச்சிமாகாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, பழகின இடமாகத் தெரிகிறது என்றான். அது முடி வெட்ட உட்கார்ந்த பழக்கம் என்று கடைக்காரர் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியாகக் கோயில்பிள்ளை அண்ணாச்சியின் வாழைக்காய் மண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். கோயில்பிள்ளை எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். அன்றைக்குப் பார்த்து லோடு இறக்க ஆள் வரவில்லை. கொம்பையா லெட்டர் வரைக்கும் சொன்ன கதையை முழுசாகக் கேட்டார், மூன்று பேரின் தோளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இவனா? இங்கதான் வேலை பாக்கான். மூணு மாசமா ஆளைக் காணோமேன்னு நானும் தேடுதேன். எங்கலே போயிருந்த?"

உச்சிமாகாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, மறந்துட்டேன்."

"லெட்டர் தானே? தாரேன். வராம இருந்த மூணு மாச வேலையை முடிச்சிட்டு வாங்கிக்க. சம்பளம் கேக்கக் கூடாது. லீவு போட்டவனுக்கு எவன் கொடுப்பான்?"

"நியாயம்தான்," என்றான் கொம்பையா. "நாங்க மூணு பேரும் சேந்து பாத்தா ஒரு மாசத்துல மூணு மாசம் முடிஞ்சிருமே." அவன் ஆயுளில் சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

ஒரு மாதம், காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை வாழைத்தார் இறக்கினார்கள். ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பினாலும் கோயில்பிள்ளை அரை நாள் கழித்துவிடுவார். அப்படி ஒரு தடவை கழித்ததில் மூவரும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஈடு செய்தார்கள். உச்சிமாகாளி மண்டியில் உதிர்ந்த பழத்தைத் தின்றே உயிரோடு இருந்தான். வீட்டில் அவனுக்குச் சோறு இல்லை, அவளுக்கும் அம்மி இல்லாததால் குழம்பு இல்லை. அம்மியைத் தூக்கிய கள்ளன் கை விளங்காமல் போகட்டும் என்று பிரம்மசக்தி தினமும் மண்ணை வாரித் தூற்றினாள். உச்சிமாகாளியும் கூடச் சேர்ந்து தூற்றினான்.

லெட்டர் கிடைத்தது. மூவரும் தலையை வாரிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். ஃபைல் மேல் அம்மி அப்படியே இருந்தது. அங்கே கல் தூக்குவதற்கென்று தனியாகப் பணியிடம் கிடையாது. மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள், பதில் வரவில்லை.

"வந்தியளா? முதல்ல இதைத் தூக்குங்கய்யா," என்றார் குணசீலன். "உம்ம விஷயம் அந்த வாரமே தெளிவாயிட்டு. வேற ஊரு உச்சிமாகாளி ஒருத்தனுக்கு வேலை கிடைச்சதை உம்ம பேருல ஏத்திட்டாங்க. 'பணியில் இல்லை'ன்னு எழுதி ஒரு சீல் போட வேண்டியதுதான் பாக்கி. ஃபைலைத்தான் எடுக்க முடியலை."

கல்லைத் தூக்கினார்கள். குணசீலன் எழுதினார். சீலை மையில் ஒற்றினார். கை மேலே போனது. அந்த நேரம் பார்த்து உச்சிமாகாளி, "இதையும் சேத்துக்கோங்க சார்" என்று லெட்டரை நீட்டினான்.

குணசீலன் படித்தார். 'மேற்படியார் எமது மண்டியில் மூன்று மாத காலம் நேர்மையாக வேலை பார்த்து, தன் விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டார்.' சீலைக் கீழே வைத்தார். எழுதியதை அடித்தார்.

"வேலை பாத்திருக்கீரே ஓய்."

"ஆமா சார். வேலையை விடுததுக்காகப் பாத்தேன்."

"நாங்களும் பாத்தோம் சார்," என்றான் வெயிலுமுத்து, கூட்டாளியை விட்டுக்கொடுக்காமல்.

குணசீலன் உதவித்தொகைப் பட்டியலில் மூன்று பேர் பெயரையும் அடித்தார். "நீங்க அங்க வேலை பாக்கலைன்னு அந்த மண்டிக்காரரே எழுதித் தரட்டும், அப்புறம் பாப்போம். அடுத்த ஆளு."

அந்த ஜன்னலில் நானும் ஏழு தடவை நின்றவன். அதனால் இந்த மூன்று பேரை மட்டும் முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மியை மட்டும் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டான் உச்சிமாகாளி. அரசாங்க ஆபீஸிலிருந்து மீட்டு வந்ததாகச் சொன்னான். அரசாங்கம் அம்மியைக்கூடவா விட்டு வைக்கவில்லை என்று பிரம்மசக்திக்கு அன்றைக்குத்தான் முதல் முதலாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் சோறு போடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

அப்படி எழுதி வாங்க மூவரும் மண்டிக்குப் போனார்கள். கோயில்பிள்ளை அவர்களைத் துரத்துவதற்காக ஒரு வார்த்தை சொன்னார். "வேலை பாக்கலைன்னு எப்படிலே எழுதித் தர? நீங்க வேலை பாக்காம இருந்ததை நான் கண்ணால பாத்தேனா?"

மூவரும் தள்ளி நின்று ஆலோசித்தார்கள்.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதானே. பாக்காம எப்படி எழுதுவாரு?" என்றான் கொம்பையா.

"வீட்டுல வேலை பாக்காம இருந்தா அவருக்கு எப்படித் தெரியும்?" என்றான் வெயிலுமுத்து.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூவரும் மண்டிக்கு வந்து, கோயில்பிள்ளையின் மேஜைக்கு எதிரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, வேலை பார்க்காமல் இருந்தார்கள். லோடு வந்தது, எழவில்லை. ஒரு வாழைத்தார் உருண்டு வந்து உச்சிமாகாளி காலில் இடித்தது, காலை நகர்த்தவில்லை. வெயிலுமுத்து மூக்கில் ஈ உட்கார்ந்தது. ஈ ஓட்டுவது வேலையில் சேருமா என்று அவன் கண்ணாலேயே கேட்க, சேரும் என்று கொம்பையா கண்ணாலேயே சொன்னான். ஆறு மணி அடித்ததும் எழுந்து, "வாரோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தினமும் இப்படியே. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, வாழைக்காய் வாங்க வந்தவர்கள் வாங்காமல் போனார்கள். ஐந்தாம் நாள், புருஷன் இன்னும் மண்டிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, சம்பளத்தை நேரில் கேட்டுவிடுவது என்று பிரம்மசக்தி வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இவரு இங்க வேலையா பாக்காரு?"

கோயில்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. "வேலையா? அஞ்சு நாளா ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடலை தாயி."

"அப்ப அதை அப்படியே எழுதி, சீல் போட்டுத் தாங்க."

இவர்கள் தொலைந்தால் போதும் என்று அவர் எழுதினார், கையெழுத்துப் போட்டார், மண்டி சீலை இரண்டு தடவை குத்தினார். பிரம்மசக்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தான். இந்த மனுஷனை இத்தனை நாள் பட்டினி போட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்," என்றாள். "கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன். சோறு சூடா இருக்கு."

உச்சிமாகாளிக்கு வாயில் எச்சில் ஊறியது. கையை ஊன்றிப் பாதி எழுந்தான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

"ஏட்டி, நீ முன்னால போ," என்றான். "மணி நாலுதான் ஆவுது. இப்ப வந்தா அண்ணாச்சி அரை நாளைக் கழிச்சிருவாரு."