ராகுகாலத்துல மாட்டின வெள்ளைச் சட்னி

ஆவாரங்காட்டுல ஒரு வீடு. அந்த வீட்டுல மூணு அண்ணன் தம்பி. மூணு பேரு மூளையையும் ஒரே டம்ளர்ல ஊத்தினாலும் டம்ளரு கழுவாமலே சுத்தமா இருக்கும். நான் சொல்லலைங்க, ஊரு சொல்லுது. நான் சும்மா தலையாட்டுறேன், அம்புட்டுத்தான்.

மூத்தவன் தவசி, நாப்பத்தொரு வயசு. நடுவுலவன் சோணை. கடைசி ஒச்சு. ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆகல. பெரியவனுக்கு ஆகாம சின்னவனுங்களுக்கு ஆகக்கூடாதாம். ரேசன் கடை வரிசை மாதிரி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் நிக்கிறானுங்க, முன்னாடி நிக்கிறவன் நகர மாட்டேங்கிறான்.

கடவுள் கண்ணத் தொறந்தாரு. மதுரையில ஒரு பேக்கரியில வேலை பாக்குற பஞ்சவர்ணம்னு ஒரு பொண்ணு அமைஞ்சுச்சு. பொண்ணோட அப்பா சங்கையா ஆளு விட்டு சொல்லி அனுப்பினாரு: "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீடு பாக்க வர்றோம். நாலரையில இருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். அது முடிஞ்சு ஆறு மணிக்கு மேலதான் வாசப்படி மிதிப்போம்."

பொண்ணு ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருந்துச்சு. "பத்து வருசமா ஊருக்கெல்லாம் நான் சாண்ட்விச் போட்டுக் குடுக்குறேன். எனக்கு ஒருத்தர் போட்டுக் குடுக்கணும்னு ஆசை. அதுல தடவுற மயோனைஸ், அதான் அந்த வெள்ளைச் சட்னி, அதக் கடையில வாங்கக்கூடாது, வீட்டுலயே செய்யணும். ருசியா இருந்தா எனக்குச் சம்மதம். எப்படிச் செய்யணும்னு பின்னாடி எழுதியிருக்கேன்."

ஒச்சு உடனே வீட்டுக்குப் பின்னாடி ஓடிப் போய்ப் பாத்தான். கோழிதான் நின்னுச்சு.

"ஒண்ணும் எழுதலண்ணே. கோழி மட்டும் ஏதோ கிறுக்கி வெச்சிருக்கு."

மூணாங்கிளாஸ் வரைக்கும் போன சோணைதான் சீட்டத் திருப்பிப் பாத்தான். அதுக்கே அவன அன்னைக்குப் பூரா மத்த ரெண்டு பேரும் 'வாங்க போங்க'ன்னானுங்க.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுச்சு. சோணை சத்தமா வாசிச்சான்: "கெட்டித் தயிர ஒரு துணியில கட்டி, தண்ணி வடியிற வரைக்கும் தொங்க விடணும்."

"எம்புட்டு உசரத்துல?"ன்னான் தவசி.

"எழுதல."

மூணு பேரும் உக்காந்து யோசிச்சானுங்க. "உசரம் கூடக் கூடத் தண்ணி வேகமா விழும். அருவியப் பாத்தியா?"ன்னு ஒச்சு கேட்டான். நியாயந்தான். தென்னை மரத்து உச்சியில கொண்டு போய்க் கட்டிட்டு வந்தான். கீழ அண்ணன் ரெண்டு பேரும் கொடையப் பிடிச்சிக்கிட்டு, தண்ணி நிக்கிதா நிக்கிதான்னு மேல பாத்துக்கிட்டே நின்னானுங்க. பக்கத்து வீட்டு ஆளு, "என்னப்பா, மழையா?"ன்னாரு. "இல்லைங்க, தயிரு"ன்னான் தவசி.

மத்தியானம் தயிர இறக்கினா நல்லா பன்னீர்க்கட்டி மாதிரி இருந்துச்சு. முட்டாப் பயலுகளுக்கும் சில நேரம் சரியா வந்துரும், அதுதான் ஆபத்து.

அடுத்தது: "தயிரு வீட்டுச் சூட்டுல இருக்கணும்."

வீட்டுச் சூடு எம்புட்டுன்னு எப்படித் தெரியும்? காய்ச்சல் பாக்குற குச்சி ஒண்ணு கெடந்துச்சு. சோணை அத செவுத்துல அழுத்திப் பிடிச்சிக்கிட்டு கா மணி நேரம் நின்னான்.

"அண்ணே, செவுத்துக்குக் காய்ச்சல் இல்ல."

"கதவுக்குப் பாரு."

"கதவும் நல்லா இருக்கு."

"அப்பாடா. பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல வீட்டுக்கு ஒடம்பு சரியில்லாமப் போயிருந்தா என்ன நெனப்பாங்க?"ன்னு தவசி நெஞ்சத் தடவிக்கிட்டான்.

அடுத்தது எலுமிச்சம்பழம். "ஒரு பழம் பிழியணும். கொட்டை விழக்கூடாது."

இங்கதான் ஒச்சு பெரிய ஆளு. "மேல இருந்து பிழியிறதாலதான கொட்டை கீழ விழுது? கீழ இருந்து மேல பிழிஞ்சா எப்படி விழும்?"

தவசி அசந்து போனான். "டேய், ஒன்னயப் படிக்க வெக்காம விட்டுட்டமேடா!"

தவசியும் சோணையும் சட்டிய ஆளுக்கொரு பக்கமாத் தூக்கிப் பிடிச்சானுங்க. ஒச்சு அதுக்கடியில மல்லாக்கப் படுத்து மேல பாத்துப் பிழிஞ்சான். கண்ணுல ஒரு மூடி, மூக்குல ஒரு மூடி. ஊளையிட்டு உருண்டான். ஆனா சட்டியில கொட்டை விழுந்துச்சான்னு பாத்தா, ஒண்ணுகூட விழல. சாறும் விழல.

அப்புறம் இன்னொரு பழத்தச் சட்டிக்குள்ளயே கைய விட்டுப் பிழிஞ்சானுங்க. "விழுந்தாத்தான தப்பு? இது உள்ளயே பொறந்த கொட்டை"ன்னு தவசி தீர்ப்புச் சொல்லிட்டான். நசுக்கின பூண்டு, கடுகுப் பொடி, மிளகுத்தூளு, உப்பு எல்லாம் விழுந்துச்சு. நேரம் நாலு மணி.

கடைசி வரிதான் குடியக் கெடுத்துச்சு. "எண்ணெயச் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே, கடிகார முள்ளு சுத்துற மாதிரி ஒரே பக்கமாக் கிண்டணும். நடுவுல எதுக்கும் கைய எடுக்கக்கூடாது."

செவுத்துல இருந்த கண்ணாடி இல்லாத கடிகாரத்தக் கழட்டி, சன்னலோரமா இருந்த சட்டிக்குப் பக்கத்துல படுக்கப் போட்டானுங்க. தவசி கரண்டிய எடுத்தான். சோணை கையப் பிடிச்சு நிறுத்தினான்.

"பொறுண்ணே. எந்த முள்ளு?"

"எந்த முள்ளுன்னா?"

"மூணு இருக்குல்ல. ஒண்ணு ஓடுது. ஒண்ணு நடக்குது. இந்தக் குட்டை முள்ளு, பாவம், ஒக்காந்தே இருக்கு."

ஒச்சுதான் மெதுவா சொன்னான்: "மூணு முள்ளு, நாமளும் மூணு பேரு. அந்தப் பொண்ணு கணக்குப் பண்ணித்தாண்ணே எழுதியிருக்கு."

தவசிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இன்னும் வீட்டுக்குள்ள வரல, அதுக்குள்ள தம்பிங்களையும் சேத்துப் பாக்குது பாரு."

ஒரே சட்டி, மூணு கரண்டி. மணி முள்ளு தவசிக்கு, நிமிச முள்ளு சோணைக்கு, ஓடுற முள்ளு ஒச்சுக்கு. இடது கையில ஆளுக்கொரு எண்ணெக் கிண்ணம். ஒச்சு வேர்வை ஊத்த ஊத்தச் சுத்துறான். சோணை கோயில் தேரு மாதிரி நகர்றான். தவசி கரண்டிய ஊனிக்கிட்டு அப்படியே நிக்கிறான், தூங்குறானா கிண்டுறானான்னு அவனுக்கே தெரியல.

ஒவ்வொரு சுத்துக்கும் ஒச்சு கரண்டி வந்து தவசி கரண்டியில 'டங்'குன்னு இடிக்கும்.

"அண்ணனப் போய் இடிக்கிறியேடா, மரியாதையில்ல?"

"ஓடுற முள்ளு, என்னண்ணே பண்ணச் சொல்ற? நீ கொஞ்சம் வெரசா வா."

"என் முள்ளு வந்தாத்தான்டா நான் வர முடியும்?"

சோணை அந்தக் குட்டை முள்ளக் கூர்ந்து பாத்தான். "அண்ணே, அதுக்கு அச்சு எறுகிருச்சு. வண்டிக்குப் போடுற மாதிரி ரெண்டு சொட்டு எண்ணெ விட்டா ஓடும்."

சொட்டுச் சொட்டாத்தான விடணும், விட்டானுங்க. ரெண்டு சொட்டு.

கடிகாரம் ஒரு விக்கல் விக்குச்சு. நின்னுருச்சு. மணி ஆறாகக் கா மணி நேரம் இருந்துச்சு.

ஓடுற முள்ளு நின்னதும் ஒச்சு நின்னான். சோணை நின்னான். தவசி முன்னாடியே நின்னுக்கிட்டுத்தான் இருந்தான், அதனால அவனுக்கு வித்தியாசம் தெரியல.

"இப்ப என்னண்ணே பண்றது?"

"முள்ளு சுத்தினாக் கிண்டணும், முள்ளு நின்னா நிக்கணும். கைய மட்டும் எடுத்துராதீங்க. என் கல்யாணம்டா இது!"

அரை மணி நேரம் கழிச்சு வெளிய ஆட்டோ வந்து நின்னுச்சு. சங்கையாவும் பொண்ணும் எறங்கினாங்க. சன்னலு வழியா உள்ள பாத்தா, மூணு ஆம்பளைங்க ஒரு சட்டியச் சுத்திச் செல மாதிரி நிக்கிறானுங்க.

"வாங்க மாமா, வாங்க!"ன்னான் தவசி. "உள்ள மட்டும் வந்துராதீங்க. மணி இன்னும் ஆறாகல."

பஞ்சவர்ணம் போன எடுத்துக் காட்டுச்சு. "ஆறேகாலு ஆச்சுங்க."

"அது ஒங்க போனு மணி. இது எங்க வீட்டு மணி. இதுல இன்னும் ராகுகாலந்தான்."

அந்தப் பொண்ணு அப்பாவப் பாத்துச்சு. அப்பாவாச்சும் ஏதாச்சும் சொல்லுவாருன்னு. சங்கையா வாசப்படியில வெச்ச கால வெடுக்குன்னு பின்னால எடுத்துக்கிட்டாரு. "மாப்பிள்ளை சொல்றதுதான் சரி. மொத மொதல்ல வர்ற எடத்துல அவுக வீட்டு நேரத்த மதிக்கணும். நாம வெளியவே நிப்போம்."

வயித்தெரிச்சல் தாங்காம பஞ்சவர்ணம் சன்னல் கம்பிக்குள்ள கைய விட்டு, சட்டியில ஒத்த வெரலத் தொட்டு வாயில வெச்சுச்சு. கொட்டைய மட்டும் துப்புச்சு. அப்புறம் கண்ணு ரெண்டும் விரிஞ்சுருச்சு.

"அப்பா! வெண்ணெ மாதிரி இருக்குப்பா! புளிப்பு, காரம் எல்லாம் சரியா இருக்கு. எங்க பேக்கரியிலகூட இப்படி வராது. எனக்குச் சம்…"

"வாயப் பொத்துடீ!" சங்கையா பாஞ்சு வந்து மக வாயப் பொத்தினாரு. "ராகுகாலத்துலயா சம்மதம் சொல்லுவ? வெளங்குமா அது?"

தவசிக்கு உசுரு போயிப் போயி வந்துச்சு. பாதிச் சம்மதம் காதுல விழுந்துருச்சு, மீதி அந்தப் பொண்ணு வாயிலயே மாட்டிக்கிச்சு.

பஞ்சவர்ணம் அப்பா கையத் தட்டி விட்டுச்சு. "அந்த முள்ளக் கையால தள்ளி ஆறுல வெச்சா முடிஞ்சுதுல்ல?"

மூணு பேரும் ஒரே நேரத்துல கத்தினானுங்க: "கைய எடுக்கக்கூடாதுன்னு எழுதினதே நீதானம்மா!"

"சரி, அப்ப ஒரு செல்லு வாங்கிப் போடுவோம். கடிகாரம் ஓடும்."

சங்கையாவுக்கு மகளோட மூளைய நெனச்சுப் பெருமை தாங்கல. அவரே தெருமுனைக் கடைக்கு ஓடினாரு. கடை பூட்டியிருந்துச்சு. கடைக்காரரு கல்லு மேல உக்காந்து பீடி குடிச்சிக்கிட்டு இருந்தாரு.

"ஏன்யா, கடிகாரத்துக்கு ஒரு செல்லு குடு."

"ராகுகாலத்துல நான் கடை தொறக்குறதில்லைங்க. ஆறு மணி ஆகட்டும், தாரேன்."

"ஆறு ஆச்சான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரரு எழுந்து வேட்டியத் தட்டிக் கட்டினாரு. "தவசி வீட்டுக் கடிகாரத்தச் சன்னல் வழியா எட்டிப் பாப்பேன். வாங்க, சேந்தே போயிப் பாப்போம்."